உப்பைப் பிரித்த ஊர்

கொற்கை, காயல், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு எனப் பெயரைச் சொன்ன அளவிலேயே நூற்றாண்டுகள் பின்னோக்கி விரியும் ஊர்களுக்கு நடுவே, சாகுபுரம் வயதில் மிக இளைய ஊர். கொற்கை முத்தைத் தேடி வந்த யவனர் அதனை அறியார். காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவின் குறிப்பிலும் அதற்கு இடமில்லை. ஆறுமுகநேரியை அடுத்த உவர்நிலத்தில் 1950-களின் இறுதியில் எழுந்த காஸ்டிக் சோடா ஆலை ஒன்றே அவ்வூருக்குப் பிறப்புச் சான்று. குசராத்தில் தாரங்கதாரா சமஸ்தானத்தில் 1925-இல் தொடங்கப்பெற்ற சோடாச் சாம்பல் ஆலையிலிருந்து வளர்ந்த நிறுவனம் அதனை நிறுவிற்று. நிறுவனத்தை நடத்திய சாகு குடும்பத்தின் பெயர் ஊருக்கும் ஆயிற்று. வடநாட்டுப் பெயரொன்று தாமிரபரணியின் முகத்துவாரத்திற்கு அருகில் வந்து ஒட்டிக்கொண்ட கதை இதுதான்.

வடநாட்டார் இத்தனை தொலைவு வந்ததற்குக் காரணம் உப்பு. தென்மேற்குப் பருவமழை இக்கரைக்கு எட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் பல மாதங்கள் வெயிலும் காற்றும் மட்டுமே. விவசாயிக்குச் சாபமான இந்நிலை உப்பளத்துக்கு வரம். இந்திய உப்பு உற்பத்தியில் குசராத்துக்கு அடுத்த நிலையில் தமிழ்நாடு நிற்பதற்குத் தூத்துக்குடிக் கரையே முதன்மைக் காரணம். ஆங்கிலேயர் காலத்தில் இந்த உப்பு வரியின் பொருளாகவும், பின்னர்ப் போராட்டத்தின் பொருளாகவும் இருந்தது. 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது, இவ்வூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டதையும், அதன் விளைவான சதி வழக்கையும் இப்பகுதி முதியோர் நெடுங்காலம் பேசி வந்தனர். 1947-இல் உப்பு வரி நீங்கிற்று. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அதே உப்பு வேறொரு வாழ்வைப் பெற்றது. சமையலுக்கும் கருவாட்டுக்கும் சென்றுகொண்டிருந்த பொருளை, மின்சாரத்தால் இரண்டாகப் பிளக்கும் வேலை சாகுபுரத்தில் தொடங்கியது.

அவ்வாறு பிளப்பதற்கு ஒரு விதி உண்டு. நேர் மின்னூட்டம் எவ்வளவோ, எதிர் மின்னூட்டமும் அவ்வளவே இருத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட இயலாது. சாகுபுரத்தின் வரலாற்றைச் செய்தவர்கள் முதலாளிகளும் பொறியாளர்களும் தொழிலாளர்களும் என்பது உண்மையே. ஆயினும் அவர்கள் அனைவரையும் கட்டி ஆண்டது இந்த ஒரு விதிதான் என்று கருதுகிறேன். அதனைப் புரிந்துகொள்ள முதலில் கடலிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 11 கிராமுக்குச் சற்றுக் குறைவு, சல்பேட் 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம் அளவே. இவை உப்புத் துகள்களாக நீரில் மிதப்பவை அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனியே, மின்னூட்டம் ஏற்ற அணுவாகவோ அணுக்கூட்டமாகவோ உலவுகிறது. இவற்றையே அயனிகள் என்கிறோம். ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்களில் இதுவே அயன். சோடியம், மக்னீசியம், கால்சியம் ஆகியவை நேர் அயனிகள். குளோரைடும் சல்பேட்டும் எதிர் அயனிகள். எடையில் இவை எவ்வளவு வேறுபட்டாலும், மின்னூட்டக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் இருபுறமும் சரியாகவே வரும்.

இந்தக் கலவையிலிருந்து முத்துச்சிப்பி எதனை எடுத்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். மலிந்து கிடக்கும் சோடியத்தை அது தேடவில்லை. அரிதாக உள்ள கால்சியத்தைப் பொறுக்கி, கார்பனேட்டோடு இணைத்து, அடுக்கடுக்காகப் படியவைத்தது. சிப்பியின் ஓடும், அதன் உள்ளே உருண்ட முத்தும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. சங்கும் அதுவே; பவளப்பாறையும் அதுவே; சிப்பியைச் சுட்டு நம் முன்னோர் கட்டிய கோயில்களின் சுண்ணாம்பும் அதிலிருந்து வந்ததே. கிளியோபாத்ரா முத்தொன்றைப் புளித்த காடியில் கரைத்துக் குடித்தாள் என்று பிளினி எழுதிவைத்த கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும், அமிலத்தில் முத்து கரையும் என்பது உண்மை. பாண்டியரின் செல்வம், வேதியியல் கண்ணுக்கு, வீட்டுச் சுவரில் பூசிய வெள்ளைக்கு உடன்பிறப்பு.

உப்பளத்திலும் இதே வரிசை நிகழ்கிறது. உவர்நீர் பாத்தியில் காயக் காய, முதலில் கால்சியம் கார்பனேட் படிகிறது. அடுத்துக் கால்சியம் சல்பேட்டாகிய ஜிப்சம். நீர் மேலும் செறிந்து, அடர்த்திமானி 25 பாகையைக் காட்டும் நிலையில்தான் சோடியம் குளோரைடு மணி மணியாக விழுகிறது. அதற்குப் பிறகும் நீரைக் காயவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பேறும். ஆகவே அந்தக் கசப்பு நீரைக் குறித்த நேரத்தில் வடித்துவிட வேண்டும். அயனி என்ற சொல்லையே கேட்டிராத உப்பளத் தொழிலாளி, எந்த அயனி எப்போது எவருடன் சேர்ந்து நீரை விட்டு வெளியேறும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தன் கையனுபவத்தில் வைத்திருந்தார். அவருடைய பாதங்கள் அதற்குக் கொடுத்த விலையை ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' படித்தவர்கள் அறிவார்கள்.

இனி, அயனி என்ற கருத்து பிறந்த வழியைச் சற்றே பார்ப்போம். 1807-இல் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி, உருக்கிய காஸ்டிக் சோடாவில் மின்சாரத்தைச் செலுத்தி, வெள்ளி போல் மின்னும் மென்மையான உலோகம் ஒன்றைப் பெற்றார். அதுவே சோடியம். நீர் பட்டால் சீறிப் பற்றி எரியும் உலோகம் அது. குளோரினோ அதற்கு முன்பே, 1774-இல், சுவீடன் நாட்டு மருந்துக்கடைக்காரர் ஷீலேயால் கண்டறியப்பெற்றிருந்தது. மூச்சை அடைக்கும் மஞ்சள்பச்சை வாயு. அது ஒரு தனிமமே என்பதை 1810-இல் டேவி நிலைநாட்டினார். ஒன்று தீ, மற்றது நஞ்சு. இரண்டும் சேர்ந்தால் நாம் உணவில் போடும் உப்பு. இம்முரணைப் பள்ளி மாணவர் ஒவ்வொரு தலைமுறையிலும் வியந்து கேட்கின்றனர். ஆசிரியர் பலர் விளக்காமலே கடந்து விடுகின்றனர். விளக்கம் கடினமானதன்று. சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். குளோரின் அணுவில் 17. சோடியம் தன் எலக்ட்ரான்களில் ஒன்றை இழந்துவிட்டால் 10 எஞ்சும். குளோரின் அதனைப் பெற்றால் 18 ஆகும். அந்த எண்ணிக்கையில் இரண்டுமே அடங்கி அமைகின்றன. எரியும் சோடியத்துக்கும் கடல்நீரில் உள்ள சோடியத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஓர் எலக்ட்ரான்தான்.

டேவியின் உதவியாளராக இருந்து அவரை விஞ்சியவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லரின் மகன்; புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். கரைசலினூடே மின்சாரம் பாயும்போது மின்வாயை நோக்கிச் செல்லும் துகள்களுக்குப் பெயர் வேண்டி, கேம்பிரிட்ஜ் அறிஞரும் ஆங்கிலிக்கன் குருவுமான வில்லியம் ஹியூவெலுக்கு 1834-இல் கடிதம் எழுதினார். 'செல்வது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஹியூவெல் எடுத்துக் கொடுத்தார். மின்சாரமே உப்பைப் பிளந்து அயனிகளை உண்டாக்குகிறது என்பது அக்காலத்துப் பொதுக் கருத்து. அதனை மாற்றியவர் சுவீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ். உப்பு நீரில் கரைந்த அக்கணமே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது, மின்சாரம் அவற்றை நடத்திச் செல்லும் வேலையை மட்டுமே செய்கிறது என்றார் அவர். 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகம் அவருடைய ஆய்வேட்டுக்குத் தாழ்ந்த தரமே வழங்கியது. 1903-இல் அதே ஆய்வின் வழியே அவருக்கு நோபல் பரிசு வந்தது.

1969-இல் திருமுழுக்குச் சடங்கு திருத்தப்பெறும் வரை, குழந்தையின் நாவில் குரு ஒரு துளி உப்பை வைப்பது நம் வழக்கமாக இருந்தது. முகம் சுளித்த அக்குழந்தையின் நாவில் நிகழ்ந்தது அர்ரீனியஸ் சொன்னதுவே. உமிழ்நீர் பட்டதும் உப்பின் மணி கலைந்து, சோடியமும் குளோரைடும் தத்தம் வழியே சென்றன. எந்த மின்சாரமும் அங்கே தேவைப்படவில்லை.

திடமான உப்பிலும் 'உப்பு மூலக்கூறு' என்று தனியே ஒன்று கிடையாது. 1913-இல் பிராக் எனப்படும் தந்தையும் மகனும் ஊடுகதிரால் ஆராய்ந்தபோது, ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றி ஆறு குளோரைடும், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றி ஆறு சோடியமும் சதுரங்கப் பலகை போல் முப்புறமும் விரிந்திருந்தன. இன்னாருக்கு இன்னார் துணை என்ற கணக்கு அங்கில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற முதிய வேதியியலார் இதனைப் பொறுக்கமாட்டாமல், 1927-இல் 'நேச்சர்' இதழில் சினந்து எள்ளி எழுதினார். அறிவியலிலும் பழைய நம்பிக்கைகள் எளிதில் போவதில்லை. தமிழிலோ, அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் 1875-இலேயே வெளிவந்துவிட்டது. அர்ரீனியஸின் ஆய்வேட்டுக்கு முந்தையது அது.

மீண்டும் சாகுபுரத்துக்கு வருவோம். கரைந்த உப்பில் அயனிகள் ஏற்கெனவே பிரிந்துதான் உள்ளன என்றால், ஆலை செய்யும் வேலை என்ன? அயனியை மீண்டும் தனிமமாக்குவது. நேர்மின்வாயில் குளோரைடு தன் மிகை எலக்ட்ரானை இழந்து குளோரின் வாயுவாக எழுகிறது. மறுபுறத்தில், தொடக்கக் காலத்து முறைப்படி, ஓடும் பாதரசத்தின் மேல் சோடியம் எலக்ட்ரானைப் பெற்று உலோகமாகி, அப்பாதரசத்திலேயே கரைகிறது. அந்தக் கலவையை வேறொரு கலத்தில் நீரோடு சேர்த்தால் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் கிடைக்கும், பாதரசம் திரும்பிவரும். 1892-இல் காஸ்ட்னரும் கெல்னரும் தனித்தனியே கண்ட முறை இது. இயற்கை மனமுவந்து சேர்த்துவைத்ததைப் பிரிப்பதால் செலவும் மிகுதி. ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்குப் பாதரசக் கலத்தில் 3,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும்.

கணக்கு இப்படி அமைகிறது. 58.5 கிலோ உப்பைப் பிரித்தால் 40 கிலோ காஸ்டிக் சோடா, 35.5 கிலோ குளோரின், 1 கிலோ ஹைட்ரஜன். சோப்புக்கும் துணிக்கும் காகிதத்துக்கும் அலுமினியத்துக்கும் நாடு வேண்டியது காஸ்டிக் சோடாவை. ஆனால் ஒவ்வொரு டன் காஸ்டிக் சோடாவுடனும் ஏறத்தாழ 890 கிலோ குளோரின் அழையா விருந்தாக வந்து நிற்கும். காஸ்டிக் சோடாவை நீர்மமாகவோ கட்டியாகவோ அடைத்துத் தொலைதூரம் அனுப்பலாம். குளோரினை அவ்வாறு எளிதில் வைத்திருக்கவோ அனுப்பவோ முடியாது. 1915 ஏப்ரல் 22-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் காற்றோடு அவிழ்த்துவிடப்பட்ட வாயு இதுதான். குடிநீரில் கிருமியைக் கொன்று காலராவிலிருந்து ஊர்களைக் காத்ததும் இதுவே. எவ்வாறாயினும் இதற்கு ஓர் இருப்பிடம் தேட வேண்டும். அன்றேல் காஸ்டிக் சோடா உற்பத்தியையே நிறுத்த வேண்டும்.

சாகுபுரத்தின் பிற்கால விரிவுகளை இந்தக் கண்கொண்டு பார்த்தால் அவை ஒழுங்காகப் புரியும். ஹைட்ரஜனையும் குளோரினையும் சேர்த்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆக்கினர். உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டிரைகுளோரோ எத்திலீன் செய்தனர். எடையில் பாதிக்கு மேல் குளோரினே ஆகிய பி.வி.சி. நெகிழியையும் தயாரித்தனர். (பின்னாளில் பி.வி.சி.க்கான மூலப்பொருள் கப்பலில் வெளிநாட்டிலிருந்தே வரத் தொடங்கியபோது, இவ்வூர்க் குளோரினுக்கு அது இருப்பிடமாகவில்லை. அதே பி.வி.சி.யில் மேலும் குளோரினை ஏற்றி, வெந்நீர்க் குழாய்க்கு ஏற்ற சி.பி.வி.சி. செய்யும் பிரிவு 2010-களில் வந்தபோது அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது.) குளோரின் இவற்றிலெல்லாம் அயனியாக இல்லை. கார்பனோடு எலக்ட்ரானைப் பகிர்ந்துகொண்டு கட்டுண்டிருக்கிறது. உப்பைப் போல் நீரில் கரைந்து கலைந்து போகாமல் குழாய் நீடித்து நிற்பதன் காரணமும் அதுதான். குப்பைமேட்டில் அழியாமல் கிடப்பதன் காரணமும் அதுதான்.

எல்லாவற்றிலும் இக்கரைக்கு நெருங்கியது இல்மனைட் வேலை. நம் கடற்கரைக் கருமணலில் உள்ள இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். அமிலத்தில் அதனை ஊறவைத்தால் இரும்பு குளோரைடாகக் கரைந்து போகும். டைட்டானியம் ஆக்சைடு எஞ்சும். வெள்ளைச் சாயத் தொழிலுக்கு வேண்டிய செயற்கை ரூட்டைல் இதுதான். குளோரினிலிருந்து வந்த அமிலத்துக்கு நல்ல பயன் கிடைத்துவிட்டது. ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. குளோரைடோடு இப்போது இரும்பு அயனியும் சேர்ந்து நீரில் நின்றது. இரு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு இளம்பச்சை நிறம். காற்றுப் பட்டு மூன்றாவது எலக்ட்ரானையும் இழந்தால் துருவின் செம்பழுப்பு. கடல் சிவந்து தோன்றுகிறது என்று காயல்பட்டினத்தாரும் அக்கம்பக்கத்து மீனவரும் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். ஆலையைப் பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. இவ்வழக்குகளின் நியாய அநியாயங்களை இக்கட்டுரை தீர்க்காது. ஒன்றை மட்டும் சொல்லலாம். மக்கள் கண்ட சிவப்பைப் பற்றிப் பேசும்போது அறிவிலிகள் அஞ்சுவதாக எவரேனும் சொல்லியிருந்தால், அது அறிவியலுக்கு இழைத்த அநீதி. இரும்புக் குளோரைடு காற்றுப் பட்டால் சிவக்கும் என்பது பத்தாம் வகுப்பு வேதியியல்தான். அந்த இரும்பையே பிரித்தெடுத்து, வண்ணப்பூச்சுக்கும் தரைக்கல்லுக்கும் வேண்டிய இரும்பு ஆக்சைடு நிறமியாக்கும் பிரிவை ஆலை 2010-களில் அமைத்தது. அதாவது, எந்த அயனி கழிவு எனப்பட்டதோ அதற்கும் கடைசியில் இருப்பிடம் தேட வேண்டியதாயிற்று.

பாதரசத்தின் கதை இதனினும் கடினமானது. குளோரினைச் சோடியத்தோடு மீண்டும் சேர்த்தால் அது உப்பாகி அடங்கிவிடும். பாதரசம் தனிமம், அதைச் சிதைத்து வேறொன்றாக்க இயலாது. எந்தச் சேர்மத்துக்குள் புகுந்தாலும் பாதரசம் பாதரசமாகவே தொடரும். அயனியாகிச் சேற்றை அடைந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை மெதில் பாதரசமாக்கும். அது மீன் வழியே மனிதரை அடையும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 1956-இல் வெளிப்பட்ட நோயின் வேர் மெதில் பாதரசமே. அங்கே குற்றம் வேறொரு வகை ஆலையினுடையது. நம் மாநிலத்திலேயே, கொடைக்கானலில் வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்ட பின்னும் பாதரசம் கலந்த மண்ணைத் தூய்மை செய்யும் வேலை பல்லாண்டுகள் இழுத்தது. பாதரசக் கலன்களைக் கைவிட வேண்டும் என்று 2003-இல் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின்படி நாட்டின் காஸ்டிக் சோடா ஆலைகள் ஒப்புக்கொண்டன. சாகுபுரமும் சவ்வுக் கலனுக்கு மாறிவிட்டது.

சவ்வு என்பது எதிர் மின்னூட்டங்கள் பதிக்கப்பெற்ற மெல்லிய நெகிழித் தாள். சோடியம் அயனியைத் தன் ஊடே விடும், குளோரைடை மறுக்கும். பாதரசத்துக்கு அங்கே வேலையில்லை, மின்சாரமும் குறையும். ஆனால் இந்தச் சவ்வு மிகவும் நோஞ்சான். உவர்நீரில் கால்சியமும் மக்னீசியமும் நூறு கோடியில் இருபது பங்குக்கு மேல் இருந்தால் அதன் நுண்துளைகள் அடைபட்டுக் கெட்டுவிடும். உப்பளத்திலிருந்து வரும் எந்த உப்பும் அவ்வளவு தூயதன்று. ஆகவே கரைத்த உப்புநீரில் சோடாச் சாம்பலையும் காஸ்டிக் சோடாவையும் இட்டு, கால்சியத்தைக் கார்பனேட்டாகவும் மக்னீசியத்தை ஹைட்ராக்சைடாகவும் வீழ்த்தி, வடித்து, பின்னர் அயனி மாற்றிப் பிசின்களின் வழியே செலுத்திக் கடைசித் துளியையும் நீக்குகின்றனர். வண்டலாக அள்ளி அகற்றப்படும் அந்த வெண்பொருளில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட்.

கொற்கையின் முத்து எதனால் ஆனதோ, அதே பொருள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நிகழ்ந்தது. சாகுபுரத்தில் அப்போது ஆலை எழுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.